உங்கள் வைரஸ் கார்ட் விழித்திருக்கிறதா? ஒருக்கா உள்ளே போய்ப் பாருங்கள்

போன மாதம் யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு அன்ரியின் லப்டொப்பைப் பார்க்கப் போனேன். சரியான மெதுவாம், திறந்தால் விளம்பரம் விளம்பரமாய் வருகிறதாம். "வைரஸ் கார்ட் இருக்கு தம்பி, பச்சை டிக்கும் காட்டுது, பிறகென்ன?" என்றார். பொய்யில்லை, கீழ் மூலையில் கேடயப் படத்தில் பச்சை டிக் இருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று உள்ளே போய் எக்ஸ்குளூஷன்ஸ் என்ற பட்டியலைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. சி டிரைவ், முழுவதும்.

அந்தப் பட்டியலில் இருப்பதை வைரஸ் கார்ட் பார்க்காது. விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடைக்காரர், தான் போட்ட கிராக் (காசு கட்டாமல் பூட்டுடைத்த) ஒபிஸை வைரஸ் கார்ட் பிடித்து அழித்துவிடும் என்பதற்காக, முழு டிரைவையும் "இந்தப் பக்கம் திரும்பாதே" என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று வருடமாக வாசலில் காவல்காரன் நின்றிருக்கிறான், கண்ணைக் கட்டிக்கொண்டு.

கொம்பியூட்டர் புதிதாக வாங்கியவர்கள், பிள்ளைகளின் ஸூம் வகுப்புக்கென்று வாங்கிப் பிறகு தாங்களும் பாவிக்கத் தொடங்கியவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய பாதுகாப்புக் கம்பனிகள் உலகம் முழுக்க இரவு பகலாகக் கவனித்துக்கொண்டு இருக்கின்றன, அது உண்மை. ஆனால் அந்தக் கவனிப்பு உங்கள் வீட்டு மேசைக்கு வந்து சேர ஒரு கம்பி வேண்டும், எங்கள் பக்கத்தில் அந்தக் கம்பி அநேகமாக அறுந்து கிடக்கிறது.

அவர்கள் எங்கிருந்து பார்க்கிறார்கள்

கஸ்பர்ஸ்கியின் இணையத்தளத்தில் உலக உருண்டை ஒன்று சுழலும், நாட்டுக்கு நாடு பச்சை, சிவப்பு, மஞ்சள் கோடுகள் பாயும். செக் பொயின்ட் கம்பனிக்கும் அப்படி ஒரு வரைபடம் உண்டு. பெடியள் பார்த்தால் அரை மணித்தியாலம் வாய் பிளந்து நிற்பார்கள். பாருங்கள், தப்பில்லை, இலங்கையை அழுத்தினால் எங்கள் கணக்கும் வரும். ஆனால் அது வாணவேடிக்கை. உண்மையான வேலை அதற்குப் பின்னால் நடக்கிறது.

முதலாவது கண், நாங்கள்தான். கோடிக்கணக்கான கொம்பியூட்டர்களில் இருக்கும் வைரஸ் கார்ட்டுகள் தாங்கள் கண்டதை மேலே சொல்லிக்கொண்டே இருக்கின்றன: இன்ன ஃபைல் வந்தது, இன்ன தளத்திலிருந்து வந்தது, திறந்ததும் இன்னது செய்யப் பார்த்தது. ஃபைல் முழுவதையும் அனுப்புவதில்லை, முதலில் அதன் கைரேகையை மட்டும் அனுப்பும். ஹாஷ் என்பார்கள். ஷா-256 முறையில் எடுத்தால் 64 எழுத்து நீளம். ஃபைலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும்.

இரண்டாவது, பொறி. வேண்டுமென்றே ஓட்டையாக வைத்த கொம்பியூட்டரை, அல்லது ரவுட்டர் போல நடிக்கும் ஒன்றை இன்டர்நெட்டில் திறந்து விட்டுவிட்டு யார் வந்து தட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு இருப்பது. ஹனிபொட் என்று பெயர், தேன் சட்டி. இந்த யோசனை பழையது. 1986 இல் கலிபோர்னியாவில் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளரிடம், கொம்பியூட்டர் பாவனைக் கணக்கில் 75 சதம் இடிக்கிறது, என்னவென்று பாரும் என்றார்கள். டொலர் கூட இல்லை, சதம். அந்தச் சில்லறையைத் துரத்திக்கொண்டு போனவர், யாரோ களவாக உள்ளே வந்து போவதைக் கண்டார். கதவைச் சாத்தவில்லை. இராணுவ இரகசியம் போன்ற பொய்க் கோப்புகளை நிறையச் செய்து உள்ளே வைத்தார். வந்தவன் அதை வாசித்துக்கொண்டு நெடுநேரம் இணைப்பிலேயே இருந்தான், அதற்குள் தொலைபேசி வழியைப் பின்தொடர்ந்து போய் ஜேர்மனியில் பிடித்தார்கள். இன்றைக்குக் கம்பனிகள் செய்வதும் இதையேதான், ஆயிரக்கணக்கில்.

மூன்றாவது, ரோந்து போவது. ஷடோசேர்வர் என்று இலாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று 2004 முதல் இருக்கிறது. இன்டர்நெட்டில் உள்ள கொம்பியூட்டர்களின் வீட்டு இலக்கம் போன்ற ஐபிவி4 முகவரிகளை ஒவ்வொரு நாளும் தட்டிப் பார்த்து, எங்கெங்கே கதவு திறந்து கிடக்கிறது என்ற பட்டியலைப் பல நாடுகளின் இணையப் பாதுகாப்பு அமைப்புகளுக்கு இலவசமாக அனுப்புகிறது. எங்கள் நாட்டில் அந்தப் பொறுப்பில் இருப்பது இலங்கை சேர்ட், 2006 இல் தொடங்கியது.

நான்காவதைச் சொல்ல வனாக்ரை கதையைச் சொல்ல வேண்டும். 2017 மே 12, வெள்ளிக்கிழமை. விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாகப் புகுந்து, ஃபைல்களைப் பூட்டி, திறக்கக் காசு கேட்கும் புழு ஒன்று சில நாட்களில் 150 நாடுகள் அளவில் பரவியது, பிரித்தானியாவில் ஆஸ்பத்திரிகளே படுத்துவிட்டன. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயதுப் பெடியன் அந்தப் புழுவைப் பிரித்துப் பார்த்தபோது, அது யாரும் பதிவு செய்யாத ஒரு நீளமான இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டு, 10 டொலர் சொச்சம் கொடுத்து அதைத் தன் பெயரில் பதிந்தான். எத்தனை கொம்பியூட்டர்கள் தொற்றியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் அந்த முகவரி பதில் சொன்னால் பேசாமல் நின்றுவிடும்படிதான் புழுவை எழுதியவர்கள் எழுதியிருந்தார்கள், புழு அப்படியே நின்றுவிட்டது! திருடன் போன் எடுக்கும் நம்பரைப் பிடுங்கித் தாங்கள் வைத்துக்கொள்ளும் இந்த வேலைக்கு சிங்க்ஹோல் என்று பெயர். கம்பனிகள் இதைத் தொழிலாகவே செய்கின்றன.

அந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் மருந்து வெளியிட்டது மார்ச் 14. புழு வந்தது மே 12. நடுவில் இரண்டு மாதம். அப்டேட் போட்டவனுக்கு அன்றைக்குச் சாதாரண வெள்ளிக்கிழமை.

ஒரு புது ஃபைல் வந்தால் நடப்பது

இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் கீழே சொல்லும் படிகள் ஏன் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

1986 இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸுக்குள் தங்கள் முகவரியும் போன் நம்பரும் இருந்தன. அப்படிக் கண்ணியமான காலம் அது! அப்போதெல்லாம் ஒரு வைரஸைப் பிடித்து, அதன் அடையாளத்தை எழுதி, டிஸ்க்கில் போட்டு அனுப்பினால் போதும். இன்றைக்கு ஜேர்மனியில் இருக்கும் ஏவி-டெஸ்ட் நிறுவனம் ஒரு நாளைக்குப் பதிவு செய்யும் புதிய கேடான புரோகிராம்கள் 4.5 லட்சத்துக்கு மேல். மனிதன் உட்கார்ந்து பார்க்கிற கணக்கில்லை.

அதனால் மெஷின்தான் முதலில் பார்க்கிறது. உங்கள் கொம்பியூட்டருக்கு முன்பின் தெரியாத ஃபைல் ஒன்று வந்தால், விண்டோஸோடு வரும் வைரஸ் கார்ட்டான மைக்ரோசொப்ட் டிஃபென்டர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கைரேகையை மேலே அனுப்பி "இவனைத் தெரியுமா?" என்று கேட்கும். பதில் வரும்வரை, சாதாரணமாக 10 செக்கன் வரைக்கும், ஃபைலை ஓட விடாது. மேலேயும் தெரியாவிட்டால் ஃபைலின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, சாண்ட்பொக்ஸ் என்ற மூடிய அறைக்குள் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அங்கே அது எதைத் திறக்கிறது, யாருக்குப் போன் பண்ணுகிறது, எந்த ஃபைலைப் பூட்டப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். கள்ளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இது சோதனை அறையா, உண்மையான வீடா என்று மோப்பம் பிடிக்கும் வைரஸ்கள் இருக்கின்றன, மவுஸ் அசையவில்லை என்றால் தூங்குவதுபோல் கிடக்கும்.

2017 ஒக்டோபரில் பாட் ரபிட் என்று ஃபைல்களைப் பூட்டும் வைரஸ் ஒன்று வந்தது. முதலில் மாட்டியவர்களில் ஒருவர் ரஷ்யாவில் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் இருந்தவர். ஃபிளாஷ் (பிரவுசரில் வீடியோ ஓட்டிய பழைய புரோகிராம்) அப்டேட் என்று நினைத்து டவுன்லோட் பண்ணினார். அவருடைய டிஃபென்டருக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் தடுக்கிற அளவுக்கு உறுதி இல்லை, அதனால் ஓட விட்டுவிட்டுப் பிரதியை மேலே அனுப்பியது. 14 நிமிடத்தில் மேலிருந்து தீர்ப்பு வந்தது, அதற்குப் பிறகு அதே ஃபைலை உலகத்தில் எங்கே கண்டாலும் டிஃபென்டர் தடுத்தது. அந்த மனிதருடைய ஃபைல்கள் போனது போனதுதான், பாவம். ஆனால் அவருடைய கொம்பியூட்டர் பிரதி அனுப்ப மறுத்திருந்தால் அந்த 14 நிமிடம் இன்னும் எவ்வளவோ நீண்டிருக்கும். எங்கள் ஆட்கள் "டேட்டா போகும்" என்று முதலில் நிற்பாட்டுவது இந்தப் பிரதி அனுப்பும் பட்டனைத்தான்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: கட்டிய கண்ணை அவிழ்ப்பது

ஸ்டார்ட்டை அழுத்தி "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடுங்கள். அதில் வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன். கீழே மனேஜ் செட்டிங்ஸ் என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதை அழுத்துங்கள். உள்ளே வரிசையாக ஆளிகள். ரியல்-டைம், கிளவுட்-டெலிவர்ட், ஒட்டோமட்டிக் சாம்பிள் சப்மிஷன், டாம்பர் புரொடெக்ஷன். எல்லாம் ஒன் ஆக இருக்கட்டும். கிளவுட் என்பது மேலே கேட்கும் கம்பி, சாம்பிள் என்பது பிரதி அனுப்புவது, டாம்பர் என்பது வேறு புரோகிராம்கள் வந்து இந்த ஆளிகளை நிற்பாட்டாமல் காப்பது.

அப்படியே கீழே உருட்டினால் எக்ஸ்குளூஷன்ஸ். திறந்து பாருங்கள். வீட்டுக் கொம்பியூட்டரில் இந்தப் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். ஏதாவது இருந்தால், நீங்கள் போடவில்லை என்றால், நீக்குங்கள். நீக்கியதும் கிராக் புரோகிராம் எதுவும் செத்தால் சாகட்டும். எழுதுவதற்கும் கணக்குக்கும் லிப்ரே ஒபிஸ் இலவசம், தமிழும் நன்றாகவே போகும்.

அந்த ஆளிகள் சாம்பல் நிறமாகி, "உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது" என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்று தெரிந்தால் நின்று யோசியுங்கள். அது கந்தோர்க் கொம்பியூட்டரில் வரலாம். கொக்குவிலில் ஒரு வீட்டு மேசையில் எந்த நிறுவனம்? அநேகமாக கிராக் போட்டவர் விண்டோஸின் உள் விதிகளையே (பொலிசி) மாற்றிவிட்டார் என்று அர்த்தம். அதைத் தடவிக்கொண்டு இருக்காமல் படங்களையும் கடிதங்களையும் வெளியே எடுத்துவிட்டு விண்டோஸைச் சுத்தமாகத் திரும்பப் போடுவதே நல்லது. லப்டொப்போடு வந்த அசல் விண்டோஸ் உரிமம் அநேகமாக அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கும், காசு கொடுத்துத் திரும்ப வாங்கத் தேவை வராது. இதை எத்தனை கடைக்காரர் சொல்கிறார்கள்?

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 2025 ஒக்டோபர் 14 உடன் அதன் சாதாரண ஆதரவு முடிந்துவிட்டது. டிஃபென்டருக்கு வைரஸ் அடையாளங்கள் இன்னும் வரும். ஆனால் விண்டோஸின் ஓட்டைகள் அடைபட வேண்டுமானால் நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும், அல்லது 11க்குப் போக வேண்டும்.

படி 2: ஒரு பொய் வைரஸை விட்டுப் பாருங்கள்

இது எனக்கு மிகவும் பிடித்த படி. ஐகார் என்று ஒரு சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தக் கேடும் செய்யாது. ஆனால் உலகத்தில் உள்ள வைரஸ் கார்ட் கம்பனிகள் எல்லாம் "இதைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோல் கத்துவோம்" என்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. ஐகார் அமைப்பின் தளத்திலேயே அந்த வரி கிடைக்கும். கொப்பி பண்ணி, நோட்பாடில் ஒட்டி, டெஸ்க்டொப்பில் சேவ் பண்ணுங்கள்.

அன்ரியின் லப்டொப்பில் பட்டியலை நீக்குவதற்கு முன்னரே இதைச் செய்து காட்டினேன். சேவ் பண்ணினேன். ஒன்றும் இல்லை. ஃபைல் டெஸ்க்டொப்பில், பேரனுடைய பிறந்தநாள் படங்களுக்குப் பக்கத்தில் பேசாமல் குந்திக்கொண்டு இருந்தது. பிறகு அந்த ஒரு வரியை நீக்கிவிட்டுத் திரும்பச் சேவ் பண்ணினேன். கை மவுஸை விட்டு எடுக்கவில்லை, வலது மூலையில் அறிவிப்பு வந்துவிட்டது, ஃபைலும் காணாமல் போய்விட்டது. "இப்பதான் கண் முழிச்சிருக்கு போல" என்றார் அன்ரி. அதன் பிறகு முழு ஸ்கேன் போட்டோம், அவர் தேத்தண்ணி போட்டார். ஸ்கேன் முடிந்தபோது இரண்டாவது தேத்தண்ணியும் முடிந்திருந்தது. என்னென்ன அகப்பட்டது என்ற பட்டியலை இங்கே போட்டால் அந்தக் கடையையும் சொல்ல வேண்டி வரும், விடுவோம்.

பிடிவாதமாகக் கிடக்கும் ஏதாவது இருந்தால் ஸ்கேன் ஒப்ஷன்ஸில் ஒஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. கொம்பியூட்டர் தானே நின்று, விண்டோஸ் எழும்ப முதல் சோதித்துவிட்டு வரும். கால் மணித்தியாலம் அளவு எடுக்கும்.

படி 3: சந்தேகமான ஃபைலை எழுபது பேரிடம் கேட்பது

வைரஸ்டோட்டல் என்ற தளம் 2004 இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012 இல் கூகுள் வாங்கியது. ஒரு ஃபைலைக் கொடுத்தால் எழுபது வரையான கம்பனிகளின் ஸ்கேனர்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று ஒரே பக்கத்தில் காட்டும். இணைய முகவரியையும் கொடுத்துக் கேட்கலாம், காசில்லை.

விடையை வாசிக்கத் தெரிய வேண்டும், அதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய பாமினி எழுத்தில் உள்ள கோயில் மலரை யுனிகோட்டுக்கு மாற்ற, யாரோ ஒரு பெடியன் எப்போதோ எழுதிய சின்னப் புரோகிராம் ஒன்றை வைத்திருக்கிறார். அதைப் போட்டுப் பார்த்தோம். எழுபதில் இரண்டு சிவப்பு. அந்த இரண்டும் அதிகம் கேள்விப்படாத கம்பனிகள், சொன்ன பெயரும் "சந்தேகத்துக்குரியது" என்ற மாதிரிப் பொதுப் பெயர். மற்றவர்கள் எல்லாம் பச்சை. ஃபைலை முதன்முதலில் யாரோ தளத்தில் போட்டு வருடக்கணக்காகிறது. இப்படி இருந்தால் அநேகமாகப் பிழையான கூச்சல். பாதுகாப்புக் கம்பனிகள் ஒரு ஃபைலை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்றும் பார்க்கின்றன. கோடிப் பேர் வைத்திருப்பது நம்பிக்கை, பத்துப் பேர் வைத்திருப்பது சந்தேகம். தமிழுக்கென்று எங்கள் ஆட்கள் எழுதும் சின்னச் சின்னப் புரோகிராம்கள் எப்போதும் பத்துப் பேர் பக்கம்தான், அதனால் அடி வாங்குகின்றன. மாறாக எழுபதில் முப்பது சிவப்பு, பெரிய கம்பனிகள் எல்லாம் அதில் இருக்கின்றன, ஃபைலே நேற்றுத்தான் பிறந்தது என்றால் கை வைக்க வேண்டாம். ஒன்றுமே சிவப்பு இல்லை, ஆனால் ஃபைல் பிறந்து ஒரு மணித்தியாலம் என்றாலும் பொறுங்கள், நாளைக்குத் திரும்பக் கேளுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை. அங்கே போடும் ஃபைல் உங்களோடு நிற்காது. காசு கட்டிய ஆய்வாளர்கள் அதை இறக்கிப் பார்க்கலாம். அடையாள அட்டைப் பிரதி, பாஸ்போர்ட், காணி உறுதி, ஸ்பொன்சர் கடிதம் எதையும் ஏற்ற வேண்டாம். கைரேகையை மட்டும் கொடுத்தும் கேட்கலாம்: 7-ஸிப் போட்டிருந்தால் ஃபைலில் வலது பட்டனை அழுத்த, சிஆர்சி ஷா என்ற பட்டியலில் ஷா-256 வரும், அந்த 64 எழுத்தைக் கொப்பி பண்ணி வைரஸ்டோட்டலின் தேடல் பெட்டியில் ஒட்டினால் போதும்.

படி 4: பிரவுசர்

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, செக்யூரிட்டி. சேஃப் பிரவுசிங் ஸ்டாண்டர்ட் என்றாவது இருக்க வேண்டும், நோ புரொடெக்ஷன் என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். முன்பெல்லாம் கெட்ட தளங்களின் பட்டியலை அரை மணிக்கு, ஒரு மணிக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு அதில் பார்ப்பார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அதை மாற்றியது, காரணம் சொன்னது: கெட்ட தளம் ஒன்று சராசரியாக 10 நிமிடம் கூட உயிரோடு இருப்பதில்லை. பட்டியல் வந்து சேரும்போது தளம் செத்துவிடும், அடுத்தது முளைத்துவிடும். இப்போது நீங்கள் லிங்கை அழுத்தும் நேரத்திலேயே கேட்கிறார்கள், அதுவும் முழு முகவரியை அனுப்பாமல் கைரேகையின் ஒரு துண்டை மட்டும் மறைத்து அனுப்பி.

இது எல்லாம் நம்பலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டும். 2020 ஜனவரியில், அவாஸ்ட் தன் இலவச வைரஸ் கார்ட்டைப் பாவித்தவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதை ஜம்ப்ஷொட் என்ற தன் கிளைக் கம்பனி வழியாக விற்றது வெளியே வந்தது. 2024 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1.65 கோடி டொலர் கட்ட வைத்தது. இன்னொரு பக்கம், 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட் 85 இலட்சம் விண்டோஸ் கொம்பியூட்டர்களை நீலத் திரையில் நிறுத்தியது, விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்கள். வேகமாக அனுப்பும் அதே கம்பியில் பிழையும் வேகமாகத்தான் வரும்.

என்னுடைய கணக்கு இப்படி: விண்டோஸோடு வரும் டிஃபென்டர் வீட்டுக்குப் போதும். அதற்கு மேலே இன்னொரு இலவச வைரஸ் கார்ட்டை ஏற்றாதீர்கள். காசு கொடுத்து வாங்க விருப்பம் என்றால் வாங்குங்கள், ஆனால் கிராக் பண்ணிய வைரஸ் கார்ட் மட்டும் வேண்டாம். அதைவிட வெறும் கொம்பியூட்டர் மேல். கிராக் பண்ணியதற்கு அப்டேட் சரியாக வராது, மேலே கேட்கும் கம்பியும் இராது. பூட்டை உடைத்துக் கொண்டுவந்தவரிடமே வீட்டுத் திறப்பையும் கொடுத்த மாதிரி.

படி 5: கமெரா

வெளிநாட்டில் பிள்ளைகள், இங்கே பூட்டிய வீடு அல்லது தனியே அம்மா அப்பா, அதனால் யாழ்ப்பாணத்தில் சிசிடிவி கமெரா இல்லாத ஒழுங்கை இப்போது குறைவு. டொரன்டோவில் இருந்துகொண்டு மாமரத்தில் யார் கல் எறிகிறான் என்று பார்க்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அந்தப் பெட்டி ஒரு கொம்பியூட்டர், அதற்கு வைரஸ் கார்ட் கிடையாது.

2016 இல் மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் பாஸ்வேர்ட் சோடிகள் 60 சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு இப்படியான கமெராப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. அட்மின் அட்மின், ரூட் 12345 என்ற வகைதான். 2016 ஒக்டோபர் 21 அன்று அந்தக் கமெராப் படை, இணையத்தளங்களுக்கு வழி காட்டும் டின் என்ற கம்பனியை அடித்ததில் அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் விழுந்தன. பாதுகாப்புக் கம்பனிகளின் தேன் சட்டிகளில் இன்றைக்கும் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன.

கமெரா பூட்டியவர் போன பிறகு, அன்றைக்கே, பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டருக்கும் அப்படித்தான், வைஃபை பாஸ்வேர்ட் வேறு, ரவுட்டருக்குள் போகும் பாஸ்வேர்ட் வேறு. ரவுட்டரில் அந்தக் கமெராவுக்கென்று போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து வைத்திருந்தால் மூடச் சொல்லுங்கள், இப்போதைய பெட்டிகள் அது இல்லாமலே ஆப் வழியாக வேலை செய்யும்.

படி 6: பிரதி

யார் எவ்வளவு பார்த்தாலும் போன ஃபைலை அவர்கள் திருப்பித் தருவதில்லை. 2023 இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட், ஃபைலைப் பூட்டிக் காசு கேட்கும் ஒரு ரான்சம்வெயரில் மாட்டியது. ஜீஓவி டொட் எல்கே மின்னஞ்சல் கணக்குகள் 5,000 அளவில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களை இழந்தன, இணைப்பில் இல்லாத பிரதி ஒன்று இருக்கவில்லை. உங்களுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் போதும். மாதம் ஒருக்கா செருகி, கொப்பி பண்ணி, கழற்றி அலுமாரியில் வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம்.

படி 7: நீங்களும் ஒரு கண்

வட்ஸ்அப்பில் வரும் செய்தி இரு முனையிலும் பூட்டப்பட்டது, கம்பனிகளால் அதற்குள் பார்க்க முடியாது. போனில் கூப்பிட்டு, தேன் ஒழுகத் தமிழில் கதைத்து ஓடிபி நம்பரைக் கேட்பவனை எந்த வைரஸ் கார்ட்டும் பிடிக்காது. ஆங்கிலத்தில் ஒரு மோசடிப் பக்கம் முளைத்தால் ஆயிரம் பேர் கண்டு ஆயிரம் பேர் முறையிடுவார்கள். தமிழில் எங்கள் ஊர் ஆட்களைக் குறிவைத்து ஒன்று வந்தால் முதலில் காண்பது நாங்கள்தான், நாங்களோ "கவனம்" என்று ஒரு குரூப்பில் போட்டுவிட்டு, லிங்கையும் அதோடே பரப்பிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான்: லிங்கைத் திறக்காமல் அழுத்திப் பிடித்துக் கொப்பி பண்ணுங்கள். கூகுளில் "சேஃப் பிரவுசிங் ரிப்போர்ட் ஃபிஷிங்" என்று தேடினால் முறைப்பாட்டுப் பக்கம் வரும், அதில் ஒட்டி அனுப்புங்கள். ஒரு நிமிட வேலை. காசு போயிருந்தால் முதல் போன் வங்கிக்கு, பிறகு இலங்கை சேர்ட்டுக்கும் பொலிசுக்கும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, முறைப்பாடு எழுதும்போது அதைக் குறிப்பிடலாம்.

அதே அன்ரிக்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. உங்கள் பார்சல் தபால் கந்தோரில் நிற்கிறது, முகவரி சரியில்லை, இந்த லிங்கில் போய்ச் சின்னக் கட்டணம் கட்டுங்கள். கனடாவில் இருக்கும் மகள் உண்மையிலேயே பார்சல் போட்டிருந்தார், அதனால் அன்ரி வங்கிக் கார்ட்டைக் கையில் எடுத்தே விட்டார். நல்ல காலம், கண்ணாடியைத் தேடிய நேரத்தில் எனக்கு அதை அனுப்பி "இது சரிதானே?" என்று கேட்டார். முகவரியைப் பார்த்தால் தபாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கடைசியில் ஏதோ டொட் டொப் என்று முடிகிறது. கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முறையிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் போன்.

"தம்பி, நீர் அதை என்ன செய்தனீர்? இப்ப அதைத் துறந்தா முழுக்கச் சிவப்பாய் வருது. போன் பழுதாப் போச்சோ?"

ஏன் அதைத் திரும்பத் திறந்தீர்கள் என்று கேட்டேன். பார்சல் இன்னும் வரவில்லையாம், ஒருவேளை இன்றைக்குச் சரியாகியிருக்குமோ என்று பார்த்தாராம்.